பேச்சாயி மகனுக்குப் பேர் வைத்தது

எம்.ஏ. ரிசல்ட் வந்த மறுவாரம், இசைவாணி தன் கடைசிப் பேப்பருக்காக இட்டுக்கட்டி எழுதியிருந்த பேச்சாயி, சாணார்பட்டி டவுன் பஸ்ஸில் வந்து திண்டுக்கல்லில் இறங்கி, விசாரித்து விசாரித்து மேட்டுப்பட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்த சகாயராஜ், மனைவி பாடம் நடத்தும் பிள்ளைகளில் யாருக்கோ அம்மா என்று நினைத்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். அவள் செம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிப்பதைப் பார்த்ததும், அடுப்படியிலிருந்து வந்த இசைவாணிக்கு வந்தவள் யாரென்று தெரிந்துவிட்டது. அப்படித்தான் குடிப்பாள் என்று எழுதியது அவளேதான்.

இசைவாணி ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தினாள். பிளஸ் டூவுக்கு வரலாறு நடத்த எம்.ஏ. வேண்டும் என்றார்கள். ஊருக்கு வெளியே இருந்த கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பு. ஆய்வேடு கிடையாது, பாடங்களைப் படித்து, பேப்பர் எழுதி, கடைசியில் வைவாவில் பதில் சொன்னால் பட்டம். அந்தப் பாடங்களில் வாய்மொழி வரலாறு என்ற ஒன்றுக்கு மட்டும், நேரில் போய் ஒருவரைச் சந்தித்து அவர் சொல்வதை எழுதிவர வேண்டும். சாணார்பட்டிப் பக்கத்து வறட்சியை எடுத்துக்கொண்டாள். போகத்தான் நினைத்தாள். பள்ளியில் பரீட்சைப் பேப்பர் கட்டு கட்டாக வந்தது, வயிற்றில் பிள்ளை தங்கி வாந்தி நிற்கவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கரும்புச்சாறு குடித்துத் திரும்பினாள். அன்றைக்கே பேச்சாயியை எழுதினாள். படித்துப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. ஆகவே, தண்ணீர் இறைக்கப் போன பேச்சாயியின் ஒரே மகன் கிணற்றில் தவறி விழுந்து செத்ததாக ஒரு வரி சேர்த்தாள். அந்த வரிக்குக் கீழே பேராசிரியர் அந்தோணிராஜ் சிவப்பு மையில் கோடு போட்டு, அருமை என்று எழுதியிருந்தார்.

வந்தவளை எங்கே அனுப்புவது? வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். அவள் சேலைக்கு நிறம் இல்லாதிருந்தது. தெருவில் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். சின்னாளபட்டியில் அரக்கு நிறச் சுங்குடி ஒன்று வாங்கிவந்து கட்டவிட்ட பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. வறட்சியைப் பற்றி என்ன கேட்டாலும் பேச்சாயி தங்குதடையில்லாமல் சொன்னாள். தண்ணீர் லாரி எந்தப் பாதையில் வந்தது, எந்த மாட்டை முதலில் விற்றார்கள், எல்லாம் தெரியும். புருசன் முகம் கேட்டால், திருப்பூர் பஸ்ஸில் ஏறுகிற முதுகுதான் தெரிகிறது என்பாள். இசைவாணி அதற்கு மேல் எழுதவில்லை. மகனைப் பற்றிப் பேச்சாயி தானாகவே கேட்டாள், வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கையில்.

"டீச்சரு, எம்மகன் பேரு என்ன?"

இசைவாணி அரிவாள்மனையை இழுத்துப் போட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.

"நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது. கெணத்துல விழுந்தது தெரியுது. பேரச் சொல்லி ஒப்பாரி வெக்கக்கூட முடியல. அழுகையும் வரல தாயி. இம்புட்டு வெங்காயம் உரிச்சேன், கண்ணுல ஒரு சொட்டு வரல."

அதுவும் இசைவாணி செய்ததுதான். சொல்லும்போது அந்தம்மா அழுதாரா என்று வைவாவில் கேட்டதற்கு, இல்லை சார், கண்கூடக் கலங்கவில்லை, அதுதான் மனதைப் பிசைந்தது என்று பதில் சொல்லியிருந்தாள்.

அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டம் போனாலும் போகட்டும் என்று பேச்சாயியையும் கூட்டிக்கொண்டு அந்தோணிராஜைப் பார்க்கப் போனாள். போகவே இல்லை, எல்லாம் பொய், இவர் நான் உண்டாக்கிய ஆள் என்று சொல்லி அழுதாள். அந்தோணிராஜ் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு பேச்சாயியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. ஆதார் கேட்டார்; முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள்.

"இப்படி ஒரு சாட்சி கிடைக்க அவனவன் வெயில்ல அலையிறான். உக்காந்திருக்கிற ஆள இல்லாத ஆளுங்கிறீங்களேம்மா," என்றார்.

"அப்ப அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க சார். பையன் செத்த வரி."

"மார்க் அனுப்பியாச்சும்மா. இனிமே ஒரு கமாவக்கூடத் தொட முடியாது. அதுவுமில்லாம, அந்த வரிக்குத்தான் ஓ கிரேடே போட்டேன்."

தண்டனை கிடைத்திருந்தால் இசைவாணி இரண்டு பிடிச் சோறாவது தின்றிருப்பாள். திரும்பும் பஸ்ஸில் பேச்சாயி ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த கரட்டுமேட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, "அப்ப எம்மகன் வரமாட்டான். சரி. பேராச்சும் குடு தாயி," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இசைவாணி தெரிந்த பேரையெல்லாம் சொன்னாள். பாண்டி என்றாள், வீரன் என்றாள், ஈஸ்வர் என்றாள். பேச்சாயி ஒவ்வொன்றையும் வாயில் போட்டுப் பார்த்து, "இல்ல, இது வேற யாரு வீட்டுப் புள்ளையோ," என்று தள்ளினாள். எந்தப் பேர் பொருந்தும் என்பது இசைவாணிக்குக் கிணற்றுப் பேச்சு வந்த அன்றைக்கே தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை. கல்யாணமான புதிதிலேயே அவளும் சகாயராஜும் பேசி வைத்திருந்த பேர் அது. இரவில் அவன் அவள் வயிற்றில் கைவைத்து அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே சகாயராஜுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் வாணி. அது நம்ம புள்ள பேரு."

"இவங்க புள்ளையக் கெணத்துல தள்ளுனது நானுங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இசைவாணி பேச்சாயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "செழியன்," என்றாள்.

பேச்சாயி அதைச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. அப்போது ஆரம்பித்த அழுகை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தும் ஓயவில்லை. தெருமுனையில் வருசக்கணக்கில் வற்றிக் கிடந்த போர்க்குழாயில் தண்ணீர் ஏறியது. உப்புக் கரித்ததால் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் இசைவாணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜெரின் என்று வேறு பேர் வைத்தார்கள். சகாயராஜ் ஞானஸ்நானத்தன்று ஒரு தடவை மட்டும் வாய்தவறிப் பழைய பேரைச் சொல்லிவிட்டு, வெளியே போய் நின்றுவிட்டு வந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டியதெல்லாம் பேச்சாயிதான். கிணற்றுப் பக்கம் மட்டும் தூக்கிப்போக மாட்டாள். இசைவாணி பிளஸ் டூவுக்கு வரலாறு நடத்துகிறாள். நன்றாக நடத்துகிறார் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பொழுது சாய்ந்ததும் பேச்சாயி வாசலில் நின்று, "ஏலே செழியா, இருட்டுது, வீட்டுக்கு வாடா அப்பு," என்று கூப்பிடுவாள். அடுத்த வீட்டு நஜ்முன்னிசா அந்தச் சத்தம் கேட்டுத்தான் தன் பிள்ளைகளை உள்ளே அழைப்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறார் என்று விசாரித்தால், தெருக்காரர்கள் மகனை என்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். இசைவாணி என்ன வேலையாக இருந்தாலும் எழுந்துபோய் உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுவாள். காலையில் பார்த்தால் அந்தச் சோறு மிஞ்சியதே இல்லை.