படத்துக்காக எரிந்த சூளை

2022 செப்டம்பர் 23, லண்டன். பிரிட்டன் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பெரும் வரிக்குறைப்பை அறிவித்தார். அடுத்து வந்த திங்கட்கிழமை, டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு அதுவரை காணாத அளவுக்குச் சரிந்தது.

அந்த வாரம் அமைச்சர்கள் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். ஆட்சி தடுமாறினால் இந்த நாட்டில் முதலில் நடப்பது இதுதான்: தலையில் பிளாஸ்டிக் தொப்பி, உடம்பில் மஞ்சள் மேலங்கி, முதுகுக்குப் பின்னால் தொழிலாளிகள். ஸ்டோக் நகரில் பீங்கான் கோப்பை செய்யும் டனிக்ளிஃப் ஆலைக்கு வாய்த்தவர் இளநிலை அமைச்சர் ஜூலியன் ஹேர்ஸ்டன்.

ஆலை முதலாளி க்வெண்டா டனிக்ளிஃபுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. தொழில்களுக்கான கேஸ் விலை உதவியை அரசு மார்ச் வரைதான் அறிவித்திருந்தது. அதன் பிறகும் உண்டென்றால் அடுத்த ஆண்டு ஆர்டர்களுக்கு அவர் விலை சொல்ல முடியும். இல்லையென்றால் ஆலையை மூட வேண்டியதுதான்.

அமைச்சரின் உதவியாளன் ரூபர்ட் முதல் நாளே வந்து சுற்றிப் பார்த்தான்.

"சூளை ஏன் அணைஞ்சு கிடக்கு?"

"வாரத்துக்கு ஒரு தடவைதான் எரிக்கிறோம். கேஸ் விக்கிற விலைக்கு அவ்வளவுதான் முடியும்," என்றார் க்வெண்டா.

"நாளைக்கு எரியணும். அவர் வளர்ச்சியைப் பத்திப் பேசுறப்ப பின்னால குளிர்ந்து கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"உள்ள வைக்கச் சரக்கு இல்லையே."

"கேமராவுக்கு அது தெரியாது. எரிச்சு வைங்க. அவரோட தனியாப் பேச அஞ்சு நிமிஷம் வாங்கித் தர்றேன்."

அவன் போனதும் சூளையைப் பார்த்துக்கொள்ளும் கிளைவ் ப்ளோர் சிரித்தார்.

"வெறும் சூளைய எரிக்கச் சொல்றான். இவனுங்கதான் நாட்டுக்கே பட்ஜெட் போடுறானுங்க. விளங்கிடும்."

"பத்த வைங்க கிளைவ். எனக்கு அந்த அஞ்சு நிமிஷம் வேணும்."

"உன் காசும்மா. எனக்கென்ன."

மறுநாள் அமைச்சர் தாமதமாக வந்தார். அவரைவிட உயரமானவர்களை ரூபர்ட் ஓரமாக ஒதுக்கினான்.

"நீங்களும் தள்ளி நில்லுங்க," என்றான் கிளைவிடம்.

"வேணும்னா குனிஞ்சு நிக்கிறேன் தம்பி. உங்க ஆட்சியில அது பழகிப்போச்சு."

அமைச்சர், வளர்ச்சி என்ற சொல்லைத் தானே கண்டுபிடித்தவர் போல ஒன்பது முறை சொன்னார். பிறகு சூளையின் துளை வழியே தீயைப் பார்த்தார்.

"பிரமாதம். உள்ள என்ன வேகுது?"

"காத்து, சார்," என்றார் கிளைவ்.

அமைச்சர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார். கேமராக்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

க்வெண்டா அருகில் போனார். "மார்ச்சுக்கு அப்புறம் கேஸ் உதவி இருக்குமா, சார்? ஆமா, இல்லைன்னு சொன்னாப் போதும்."

"நல்ல கேள்வி. வளர்ச்சி வந்துட்டா உங்களுக்கு உதவியே தேவைப்படாது."

"வரலைன்னா?"

"நம்பிக்கையோட பேசுவோம். நாட்டை மட்டம் தட்டிப் பேசவே ஒரு கூட்டம் இருக்கு."

"நான் நாட்டைப் பத்திக் கேக்கல. கேஸைப் பத்திக் கேக்கறேன்."

"சார், ரயிலுக்கு நேரமாச்சு," என்றான் ரூபர்ட்.

அமைச்சர் க்வெண்டாவின் கையைக் குலுக்கிவிட்டு, மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமலே காரில் ஏறினார். கிளைவ் போய் சூளையை அணைத்தார்.

அக்டோபர் முடிவதற்குள் பிரதமரே மாறி, ஹேர்ஸ்டனும் பதவி இழந்தார். ஆலை ஜனவரியில் மூடப்பட்டது.