நாளைக்கு எவ்வளவு சொல்வது

அன்புராஜ் சார் சிரித்துக்கொண்டே வந்தால் ஆரோக்கியமேரிக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். முறைத்துக்கொண்டு வருகிற ஆபீசருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடலாம். சிரிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று யார் கண்டது? அன்றைக்கு அவர் சிரித்தது போதாதென்று, கேன்டீனிலிருந்து போண்டா தட்டைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மேரி ஒன்றை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு வேண்டிய வயர்களை அளவாகக் கோத்து, டேப் சுற்றிக் கட்டி அனுப்புகிற கம்பெனி அது. நீளமான மேசை ஒவ்வொன்றையும் லைன் என்பார்கள். மூன்றாவது லைனில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து கட்டினார்கள், அத்தனை பேரும் கான்ட்ராக்ட். அவர்களுக்கு லீடர் மேரி, அவளும் கான்ட்ராக்ட்தான். லீடருக்கு நாற்காலி கிடையாது, பச்சைக் கோட்டு உண்டு, சம்பளத்தில் கொஞ்சம் கூடுதல் உண்டு. புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் அந்தக் கூடுதலில்தான் மகளின் நர்சிங் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சென்னையில் ஏதோ ஓட்டலில் இரண்டு நாள் டிரெய்னிங் போய்விட்டு வந்திருந்தார் அன்புராஜ். முகமே பளபளவென்று இருந்தது.

"இனிமே நாளைக்குச் செய்யவேண்டியத இன்னைக்கே முடிவு பண்றோம். சாயந்தரம் பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் போர்டு பக்கம் வந்து நில்லுங்க. நாளைக்கு எத்தினி கட்டு முடிப்பேன்னு அவங்கவங்க வாயால சொல்லுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நாள முன்கூட்டியே ப்ளான் பண்றவன் வாழ்க்கையே வேற!"

பெண்கள் கை தட்டினார்கள். மேரியும் தட்டினாள், போண்டா கையில் இருந்ததால் சத்தம் வரவில்லை.

நம் வாயாலேயே டார்கெட்டைச் சொல்லவைத்துவிட்டால், பிறகு நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் 'நீதானே சொன்னாய்' என்று நம் தலையிலேயே கட்டிவிடலாம் அல்லவா? மேரிக்கு இப்படித்தான் புத்தி போனது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் ஸ்டாப்வாட்சோடு ஒரு ஆள் இரண்டாவது லைனில் வந்து நின்று, அம்மா அம்மா என்று தேனாகப் பேசி, யார் எவ்வளவு நேரத்தில் கட்டுகிறார்கள் என்று அளந்துகொண்டு போனான். கொஞ்ச நாளில் அந்த லைனில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. அவனும் சிரித்த முகக்காரன்தான்.

முதல் நாள் சாயந்தரமே ஷைனி காரியத்தைக் கெடுத்தாள். லைனுக்குப் புதுசு, கை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் முறை வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பெரிய எண்ணைச் சொன்னாள். மேரி அவள் காலை மிதிப்பதற்குள் அன்புராஜ் அதைப் போர்டில் எழுதிவிட்டார்.

ஆரம்பாக்கம் போகும் கம்பெனி வேனில்தான் லைன் முழுக்க வீடு திரும்பும். வேன் சிப்காட் கேட்டைத் தாண்டியதுமே மேரி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்கு மூள கீள கீதா? அம்மாம் பெரிய நம்பர சொல்லிட்டு வந்துகீற. முடிச்சிட்டன்னு வெய்யி, அதான் இனிமே எல்லாருக்கும் டார்கெட்டு. முடிக்கலன்னா சோம்பேறின்னு பேரு. எப்டி போனாலும் ஆப்பு நமக்குத்தான்."

"சார் நல்லதுக்குத்தானக்கா சொல்றாரு?"

"போண்டா துன்னுட்ட இல்ல, அப்டித்தான் தெரியும்."

பின் சீட்டில் கன்னியம்மா வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லைனிலேயே மூத்தவள். அந்தத் தோள் கொஞ்ச நாளாகத் தலைக்கு மேல் ஏறுவதில்லை. "ஆளக் கொறைக்கிறாங்கன்னா மொதல்ல போறவ நான்தான் மேரி," என்றாள். அழவில்லை, நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னாள். அதுதான் மேரிக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஒருத்தியும் போக மாட்டா. நான் பாத்துக்கறேன்," என்றாள் மேரி.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இது. போர்டு முன்னால் யாரும் மனசுக்குத் தோன்றியதைச் சொல்லக் கூடாது. என்ன எண் என்பதை முந்தின நாளே வேனில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னதற்கு ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யாராவது சீக்கிரம் முடித்துவிட்டால் அதற்குமேல் கட்டுகிறவற்றைக் கடைசி டேப் சுற்றாமல் மேசைக்கடியில் காலிப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். டேப் சுற்றாத கட்டு கணக்கில் வராது. எவளுக்காவது காய்ச்சல், எவள் பிள்ளைக்காவது வயிற்றுப்போக்கு என்றால் அதிலிருந்து எடுத்துச் சுற்றி ஒப்பேற்றிவிடலாம். கன்னியம்மாவின் பங்கில் பாதி அந்தப் பெட்டியிலிருந்துதான் போனது.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. செய்யும்போதுதான் அதன் பேஜாரு தெரிந்தது. ஒன்று கூடாமல் குறையாமல் வரவேண்டுமென்றால், யாருக்கு உடம்பு எப்படி, யார் வீட்டில் விசேஷம், எந்த வயர் தீரப்போகிறது, எந்தக் கிழமை கரண்டு போகும், அத்தனையும் முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். வேனில் ஒவ்வொருத்தியாக ஒப்பிக்கவைத்தாள் மேரி. அன்புராஜ் ஒரு நாள் முன்னால் யோசிக்கச் சொன்னார். அவரை ஏமாற்றுவதற்காக இவர்கள் இரண்டு நாள் முன்னால் யோசித்தார்கள்.

"சார் கேக்கற ப்ளான விட நாம போடற ப்ளான் பெர்சா கீதேக்கா," என்று ஷைனி சிரித்தாள்.

"அது ப்ளான் இல்லடி, பாதுகாப்பு," என்றாள் மேரி.

அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன, லைன் மாறிப்போனது. சொல்லாமல் லீவு போடுவது நின்றது. டேப் இல்லை, கிளிப் இல்லை என்று மேசைக்கு மேசை ஓடுவது நின்றது. எவள் யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பது காலையில் வேனை விட்டு இறங்கும்போதே தெரிந்திருந்தது. ஓவர்டைம் உட்காராமல் எல்லாரும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஊரைக் கூட்டிச் சண்டை போடும் சோனியாகூட யாரோடும் சண்டை போடவில்லை. அன்புராஜின் போண்டாவை நம்பியிருந்தால்கூட இவ்வளவு நடந்திருக்காது.

ஆனால் மேரியின் சந்தேகம் மட்டும் அடங்குவதாக இல்லை. அன்புராஜ் "சூப்பர்" என்றால் ஏன் சொல்கிறார் என்று யோசித்தாள், சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று யோசித்தாள். மேலே புதிதாக மாட்டிய கேமராவில் மேசைக்கடிப் பெட்டி தெரிந்துவிடுமோ என்று, அதை மறைக்கிற மாதிரி ஷைனியை இடம் மாற்றி உட்காரவைத்தாள். அதோடு ஒரு சட்டமும் போட்டாள்.

"ஆபீசுக்குத் தனியா போறவ வாயத் தொறந்து இன்னா சொன்னாலும் நம்பாதீங்க. உள்ள இன்னா பேசினான்னு யாருக்குத் தெரியும்?"

அந்தச் சட்டம் சோனியா தலையில்தான் முதலில் விழுந்தது. பி.எஃப். பணத்தில் ஏதோ பேர் தப்பு என்று அவள் தனியாக ஆபீசுக்குப் போய் வந்தாள். அன்று சாயந்தரமே மேரி அவளை வேனில் முன் சீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பி.எஃப்.தான்க்கா, மாதா மேல சத்தியமா என்று அழுதாள் சோனியா. பின்னால் பேசுவது காதில் விழாத இடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து வந்த பிறகுதான் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மற்றப் பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மேரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள்.

மூன்று மாதம் போனது. ஒரு சாயந்தரம் போர்டருகே எல்லாரும் எண்ணைச் சொல்லி முடித்து, பெல்லும் அடித்த பிறகு, "மேரியம்மா, ஒரு நிமிஷம் ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க," என்றார் அன்புராஜ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பெட்டியைப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். படியேறும்போதே பொய்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டாள். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"உக்காருங்கம்மா. கம்பெனியிலேயே உங்க லைன்தான் பெஸ்ட். மூணு மாசமா சொன்ன நம்பர் ஒரு நாள்கூட தப்பல. ஹெட் ஆபீஸ்ல நம்பவே மாட்டேங்கறாங்க. பொண்ணுங்க தாங்களே ப்ளான் பண்ணி, தாங்களே முடிக்கிறாங்கன்னு பெருமையா சொல்லிக்கினு இருக்கேன்."

மேரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். சிரிப்பு லேசாக வற்றியது.

"அதனாலதான்... தானா ஓடற லைனுக்கு லீடர் எதுக்குன்னு மேல கேட்டுட்டாங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து மூணாவது லைனுக்கு லீடர் போஸ்ட் இல்ல. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், வேற எங்கனா இருந்தா பாப்பாரு. எனக்கும் கஷ்டமாதான் கீதுங்கம்மா. நான் சொல்லிப் பாத்தேன்."

'நான்தான் சார் போட்டேன், அத்தனையும் நான்தான் போட்டேன்' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எப்படி என்று கேட்பார். எப்படி என்று சொன்னால் வேன் பேச்சு வரும், பெட்டி வரும், இந்தப் பெண்களால் இன்னும் கூடுதலாகக் கட்ட முடியும் என்பது வெளியே வரும். அப்புறம் எண் ஏறும். ஏறிய எண்ணுக்கு எழும்பாத தோள் ஒன்று லைனில் இருக்கிறது. மேரி எச்சிலோடு அதை விழுங்கினாள்.

"மத்தவங்க யாரனா எடுப்பீங்களா சார்?"

"சேச்சே, ஒருத்தரையும் தொட மாட்டோம். பெஸ்ட் லைனாச்சே!"

அவர் உண்மையிலேயே நல்ல மனிதர்தான். கீழே குனிந்து கலர் பேப்பர் சுற்றிய ஒரு பெரிய ஹாட்பாக்சை எடுத்து, கம்பெனியின் பரிசு என்று இரண்டு கையாலும் கொடுத்தார். மேரியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேன் அவளுக்காகவே நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறினாள். அத்தனை கண்களும் முதலில் ஹாட்பாக்சைப் பார்த்தன, பிறகுதான் அவளைப் பார்த்தன.

"ஆபீஸ்ல குட்த்தாங்களாக்கா?" என்றாள் ஷைனி.

"என்னிய வேலய உட்டு எடுத்துட்டாங்கடி," என்றாள் மேரி. "லீடர் வேணாமாம். ஒண்ணாந்தேதியிலேர்ந்து நான் கெடையாது."

டிரைவர் வண்டியை எடுத்தார்.

"ஊட்டுக்கு அனுப்பறவங்களுக்கு ஹாட்பாக்ஸ் குட்த்தா அனுப்புவாங்க?" சோனியாதான் கேட்டாள். பழி தீர்ப்பதுபோல் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"சத்தியமாடி. நான் எதுவும் சொல்லல. கேட்டாரு, நான் ஒரு வார்த்த சொல்லல."

"இன்னா கேட்டாரு?" என்றாள் ஷைனி சட்டென்று.

மேரி தடுமாறினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லையே! அந்தத் தடுமாற்றம் போதுமாக இருந்தது. கன்னியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தோளைத் தேய்த்தபடி, "நீதானே மேரி சொன்ன, தனியா போனவ பேச்ச நம்பாதன்னு," என்றாள்.

உன் தோளுக்காகத்தானே வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது மேரிக்கு. கத்தினாலும் எடுபடாது. பளபளவென்ற பரிசை மடியில் வைத்துக்கொண்டு வேறொருத்தி இதே கதையைச் சொல்லியிருந்தால், முதலில் நம்பாதவள் அவளாகத்தான் இருப்பாள். அதை நினைத்தபோதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடுக்கா," என்றாள் ஷைனி. குரலில் மரியாதை இருந்தது, அதுதான் கொடுமை. "எவ்ளோ சொல்றதுன்னு நாங்களே பேசிக்கறோம். நீ முன் சீட்ல குந்திக்கோ."

மேரி போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். வேன் ஜி.என்.டி. ரோட்டில் ஏறியது. லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே பின்னால் குசுகுசுவென்று பேச்சு ஆரம்பித்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாளை மறுநாள் சோனியா வரமாட்டாள், தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து. சிவப்பு வயர் மத்தியானத்தோடு தீர்ந்துவிடும், ஆகவே சிவப்பை முதலில் முடித்துவிட வேண்டும். கன்னியம்மா பங்கை இரண்டு பேர் பிரித்துக்கொள்வார்கள். பெட்டியில் பாதிதான் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஷைனி மெதுவாக ஓர் எண்ணைச் சொன்னாள்.

மேரியும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எவளாவது எதையாவது மறந்திருக்க மாட்டாளா, எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்று திரும்பத் திரும்பத் தேடினாள். இல்லை. அவளைக் கேட்டிருந்தாலும் அதே எண்ணைத்தான் சொல்லியிருப்பாள்.