அங்கத்தவர் இலக்கம்

மீனம்மா வந்து வாசலில் நின்றபோது நான் பீப்பாய்த் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். இரவு முழுவதும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு நடுவில் இலையைப் புரட்டிவிட்டு வந்திருந்தேன். அந்த வாசனை எவ்வளவு கழுவினாலும் போகாது. போக வேண்டும் என்று நினைப்பதையும் விட்டுவிட்டேன். அன்று ஞாயிறு, வேலைக்குப் பேர் போடும் பெரட்டு இல்லை. அதனால்தான் அவர் அந்த நேரத்தில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல், வெளியூர் போகும்போது கட்டும் சேலையைக் கட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு நின்றார். இரண்டு வருடமாக என்னைக் கண்டால் பாதையின் அந்தப் பக்கம் போய்விடுகிறவர்.

"தம்பி, ஒரு பெட்டிசம் எழுதணும்."

முன்பு என்னை 'சார்' என்பார். அந்த வித்தியாசத்தைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

மனு, பெட்டிசம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. அடையாள அட்டை தொலைந்தது, பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை, ஓய்வுபெற்றவரின் சேமலாப நிதி வரவில்லை என்று தோட்டத்தின் இந்த டிவிசனில் யாருக்கு எது என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். மூன்று மொழியும் எழுத வரும் என்பது இங்கே பெரிய விஷயம். எனக்கு வேறு எதுவும் வரவில்லை என்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை.

உள்ளே வந்து மர வாங்கில் உட்கார்ந்தார். அப்பா பக்கத்துக் காணித் துண்டில் லீக்ஸ் செடிகளுக்கு மண் அணைக்கப் போயிருந்தார். மீனம்மா சுவரைப் பார்த்தார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் இங்கே கேட்கும். அவர் எழுந்துபோய் ரேடியோவைத் தானே போட்டார். மரண அறிவித்தல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, உறையைப் பிரித்தார்.

உள்ளே மூன்றாக மடித்த ஒரு துண்டுப் பிரசுரமும் நான்கு பக்கப் படிவமும் இருந்தன. பிரசுரத்தின் தலைப்பைப் படித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. கொழும்பில் இருக்கும் உளவியலாளர் சங்கம்.

"கொழும்பு வார்டுல ஒரு மிஸ்ஸு இருக்காங்க. தமிழ் பேசுவாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு இதக் குடுத்தாங்க. இங்கிலீசுல எழுதிப் போடணுமாம்."

"யாரு மேல?" என்று தெரிந்தும் கேட்டேன்.

"ஒங்க மேலதான்."

கடையில் அரைக் கிலோ சீனி கேட்பதுபோலச் சொன்னார். எனக்கும் அரைக் கிலோ சீனி அளவுக்குத்தான் பட்டது. இதுபோன்ற நேரத்தில் மனிதனுக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும் என்று படித்திருக்கிறேன். என் கை காய்ந்துதான் இருந்தது.

"மீனம்மாக்கா, என் மேல முறைப்பாட்ட நானே எழுதுறதா? வேற யாருகிட்டயாவது குடுங்களேன். ஸ்கூல் வாத்தியார் இருக்காரு, டவுன்ல ஆளுங்க இருக்காங்க."

"வாத்தியாருகிட்ட சொன்னா மொதல்லேர்ந்து சொல்லணும். எம் புள்ளக்கி என்னா வருத்தம், எத்தன நாளு காணாமப் போனா, எந்த வார்டுல கெடக்குறான்னு. சாயங்காலம் லயம் பூரா தெரிஞ்சிரும். இப்ப அவ கொழும்புல கடைல வேல செய்றான்னுதான் சொல்லி வச்சிருக்கேன்." படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "ஒங்களுக்குத்தான் முன்னயே தெரியுமே. புதுசா ஒண்ணும் சொல்லத் தேவல்ல."

எனக்குத் தெரிந்தது இதுதான். அவர் மகள் நிலக்ஷி அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று இரவில் எழுந்து உட்கார ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் அவளுக்குக் கை நடுங்கியது, வாயோரம் எச்சில் ஒழுகியது, பாடப் புத்தகத்தின் மேலேயே தூங்கினாள். அந்தச் சமயத்தில்தான் ஹட்டனில் இருந்த ஒரு நிறுவனம் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை எடுத்து, 'உளவளத்துணையாளர்' என்று போர்டு மாட்டி, அதற்குக் கீழே என்னை உட்காரவைத்திருந்தது. நான் கொழும்பில் உளவியல் பட்டப்படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். புள்ளிவிபரவியல் பரீட்சையை இரண்டு முறை எழுதித் தவறினேன், மூன்றாம் முறை பரீட்சைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு காலிமுகத்திடல் கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். நிறுவனத்தில் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. மூன்று மொழியும் வருமா என்று மட்டும் கேட்டார்கள். நிலக்ஷி என் முன்னால் ஆறு முறை உட்கார்ந்தாள். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள் டியூசனுக்கென்று போனவள் வரவில்லை. நான்காம் நாள் கம்பளையில், செருப்பில்லாமல், பஸ் தரிப்பிடத்தில் கிடைத்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"இப்ப ஏன்?" என்று கேட்டேன். "ரெண்டு வருசம் ஆச்சே."

"காசில்லன்னு மூடுன ரூம ஜனவரில மறுபடி தொறக்குறாங்களாமே. ஒங்களத்தான் போடப் போறாங்கன்னு சொல்றாங்க."

"கேட்டிருக்காங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

"அதான்," என்றார். அவ்வளவுதான் காரணம்.

பிரசுரத்தைத் திருப்பினேன். பின்பக்கம் சங்கத்தின் நோக்கங்கள் தமிழிலும் இருந்தன, யாரோ அகராதியை வைத்துக்கொண்டு செய்த தமிழ். தொழிலின் தரத்தைப் பேணுதல், தகைமையுள்ளோரைப் பதிவுசெய்தல், ஆய்வுகளை ஊக்குவித்தல், பொதுமக்களின் நலனைப் பாதுகாத்தல். எனக்கு இது மனப்பாடம். முதல் வருடத்தில் ஒரு கேள்வியாகவே வந்தது. தேசிய உளவியல் சங்கமொன்றின் பங்கும் நோக்கங்களும் யாவை? பத்துக்கு எட்டு எடுத்தேன். அந்தத் தாளில் நான் எடுத்த மிகக் கூடிய புள்ளி அதுதான்.

எழுத ஆரம்பித்தேன். அவர் பெயர், முகவரி, பிள்ளையின் வயது. நடந்ததை விவரிக்கவும் என்ற இடத்தில் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். நிறுத்தச் சொன்னார்.

"என்ன எழுதினீங்கன்னு தமிழ்ல சொல்லுங்க."

"ஆறு தடவை ஆலோசனைக்கு வந்தாள். அதன்போது மாத்திரைகள் நிறுத்தப்பட்டன..."

"யாரு நிறுத்துனது? அதுவா நின்னுச்சா?"

வெட்டிவிட்டு எழுதினேன். நிறுத்தும்படி விஜிதரன் சொன்னார். என் பெயரை என் கையெழுத்தில் அப்படிப் பார்க்க, வகுப்புக்கு வராதவன் பெயரைப் பதிவேட்டில் பார்ப்பதுபோல இருந்தது.

"அன்னிக்கி என்னா சொன்னீங்கன்னும் எழுதுங்க. 'புள்ளக்கி மனசுதான் சோர்வு, மூளைல ஒண்ணும் இல்ல. மாத்திர பழகிப் போயிரும், கொஞ்சங் கொஞ்சமா விட்ருங்க.' மே மாசம் பதினேழு. வெசாக் முடிஞ்சு மறுநாத்து."

அப்படியே எழுதினேன். எனக்கு அந்தச் சொற்கள் ஞாபகமில்லை. அன்று மழை பெய்ததும், நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று இரண்டு தடவை மணி பார்த்ததும் ஞாபகமிருந்தது. படிவத்தில் அதற்கு இடமில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. முறைப்பாடு செய்யப்படுபவரின் அங்கத்தவர் இலக்கம். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இது வேலைக்கு ஆகாது. நான் அந்தச் சங்கத்துல இல்ல. இருக்கிறவங்கள மட்டுந்தான் அவங்க விசாரிப்பாங்க."

"சந்தா கட்டலயா?"

"சந்தா இல்லக்கா. சேரவே முடியாது. நான் படிச்சு முடிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். அன்று காலையில் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். ரேடியோவில் யாரோ ஒருவரின் மருமக்கள் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிக்கலயா?"

"இல்ல."

"அப்ப அந்த போர்டு?"

"அவங்க எழுதி மாட்டுனது."

அதற்கு அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நம்ம தோட்டச் சங்கத்துல சந்தா கட்டாட்டி நமக்காகப் பேச மாட்டாங்க. இதுல கட்டாட்டி ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்களா? நல்லாருக்கே." பிறகு, "அப்ப ஒங்கள யாரு கேக்குறது தம்பி?" என்றார்.

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார், எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும் என்று கேட்பதுபோல. எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"எழுதுங்க," என்றார். "வெறுசா விடாதீங்க. வெறுசா விட்டா திருப்பி அனுப்புவாங்க. ஐடி கார்டுக்கு எனக்கு மூணு தடவ அனுப்புனாங்க."

கட்டத்தில் என் அடையாள அட்டை இலக்கத்தை எழுதினேன். கையொப்ப இடத்தில் அவர் பெயரை மெதுவாக, கொக்கி கொக்கியாக எழுதினார்.

மறுநாள் நானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். அதற்கு முன் பிரதி எடுக்க, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பைஸர் நானாவின் கடைக்குப் போனேன். "என்னா பெட்டிசக்காரரே, இன்னிக்கு யார்ட தலை உருளப் போகுது?" என்றார். எழுத்துப் பக்கத்தை மெஷினில் கவிழ்த்துவைத்து, மேல் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "பொல்லாத ரகசியம்தான் போல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அறையில் இருந்த பதினெட்டு மாதத்தில் நான் ஒழுங்காகக் காத்த ரகசியங்கள் எத்தனை என்று பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். கொஞ்சம்தான்.

டிசம்பரில் நிறுவனத்திலிருந்து சர்மிளா மிஸ் இரண்டு தடவை போன் எடுத்தார். "விஜிதரன், நீங்க யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? பகல் வேலை. ஏற்கனவே செஞ்ச வேலை. ஃபண்ட் வந்திருச்சு, ஆள் இல்லன்னா திருப்பிக் கேப்பாங்க." மீனம்மாவின் மகளைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "கேள்விப்பட்டேன். அது மெடிக்கல் கேஸ்தானே. அத நீங்க மனசுல வச்சிக்காதீங்க." வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அது பொய்யுமில்லை. இரவு வேலையில் எனக்கு வெறுப்பும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் பகலில் ஒரு நாற்காலியில், உலர்ந்த உடுப்போடு, யாரோ 'சார்' என்று கூப்பிட உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது உடம்புக்கு ஞாபகமிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பதில் கிறிஸ்மஸுக்கு முதல் வாரம் வந்தது. மீனம்மா பிரிக்காமலே கொண்டுவந்தார். வந்ததும் ரேடியோவைப் போட்டார். ஒரு பக்கம், ஆங்கிலத்தில். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அனுபவம் குறித்து வருந்துகிறோம். குறிப்பிட்ட நபர் எமது அங்கத்தவர் அல்லர். அங்கத்தவர் அல்லாதோர் மீது நடவடிக்கை எடுக்க எமது யாப்பில் இடமில்லை. தகுதியில்லாதோர் இத்தொழிலைச் செய்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென நாம் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்.

மாற்றிச் சொல்ல நினைத்தேன். இவரை இனிமேல் எங்கும் உட்காரவைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். முன்பும் நம்பினாரே. அதனால் சொல்லவில்லை.

"எம் புள்ள பேரு எங்க இருக்கு?"

"போட மாட்டாங்கக்கா. வேற யாரும் படிச்சிரக் கூடாதுன்னு."

"ம்." கடிதத்தை வாங்கி, விரலால் வரிகளின் மேல் தடவிப் பார்த்தார். "நல்லவங்கதான் போல." அதை மடித்து, மகளின் கிளினிக் கொப்பிக்குள் வைத்தார். ரேடியோவை நிறுத்திவிட்டுப் போனார். நீங்கள் போவீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் போக மாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய திங்கட்கிழமை, வேலை முடிந்து நேராக அங்கே போனேன். சர்மிளா மிஸ் முதல் நாள் மெசேஜ் போட்டிருந்தார். ரூம் ரெடி, சும்மா வந்து பாருங்க. அதிபரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். போர்டைக் கழுவி மறுபடி மாட்டியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்த்துவைத்திருந்தது.

உள்ளே எதிரெதிராக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் மீனம்மா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் மழைக்குப் படங்குச் சாக்குக் கட்டியிருந்தார், தலையில் துண்டு. மலைக்குப் போகிற உடுப்பு. பெரட்டு முடிந்திருக்கும், இனி அவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, எதிரே இருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"வாங்க சார்," என்றார். "உக்காருங்க."

வெளியே பிள்ளைகள் தேசிய கீதம் பாடத் தொடங்கினார்கள். சாக்கிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, புதிதாகப் பூசிய சிமெந்துத் தரையில் மெல்லப் பரவி, எதிர் நாற்காலியின் கால் வரைக்கும் வந்திருந்தது.