இரண்டாவது மணி

குஸ்மி அண்ணியின் அப்பா வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் இருக்கிறான், மனைவியை இழந்தவன், சொந்தப் படகு உண்டு, துர்க்கா பூஜைக்குள் பதில் வேண்டும் என்றார். படகோட்டும் எங்கள் மல்லா சாதியில் விதவைக்கு மறுமணம் உண்டு. ஆனால் அண்ணி இன்னும் விதவை ஆகவில்லை.

கமலா ஆறு கரை உடைத்த வருஷம் என் அண்ணன் ஜோகி ஓட்டிய படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் பிணமாகக் கிடைத்தார்கள். அவன் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து கொள்ளி வைப்பது வழக்கம். அம்மா அதற்கு விடவில்லை. புல்லை எரித்தால் அன்றைக்குத்தான் அவன் சாவான் என்று அவள் நினைத்தாள். அதனால் பிள்ளைகளின் ஆயுளுக்காகத் தாய்மார் இருக்கும் ஜிதியா விரதத்தை வருஷா வருஷம் இரண்டு பேருக்காகவும் இருந்தாள். அவள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சிவப்புக் கயிற்றில் பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு வெள்ளி மணிகள்.

ஒரு மணி எனக்கு. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு தர்பங்காவில் ஐஸ் ஆலையில் ராத்திரி வேலை பார்க்கிறேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் காப்பாற்றி வைத்திருக்கும் உயிரின் லட்சணம் இது.

விரதத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். அதற்கு முதல் நாள் மீனும் கேழ்வரகு ரொட்டியும் சாப்பிட்டோம். நுரைபீர்க்கு இலையில் எண்ணெயும் பிண்ணாக்கும் வைத்துப் பருந்துக்கும் நரிக்கும் படைத்தாள் அம்மா. விடியுமுன் தயிரும் அவலும் தின்று வாயைக் கட்டினாள். வெயில் அந்த வருஷம் புரட்டாசி என்று பார்க்கவில்லை. மத்தியானத்துக்கே அவள் உதடு வெடித்துவிட்டது. தர்ப்பை அறுத்து வரச் சொன்னாள். இந்த விரதத்துக்கு உரிய ஜீமூதவாகன சாமியைப் புல்லில்தான் செய்வார்கள். தேவைக்கு அதிகமாகவே அறுத்து வந்தேன்.

சாயங்காலம் குளக்கரையில் பெண்கள் கூடினார்கள். நடுவில் சேற்றிலும் சாணியிலும் பிடித்து வைத்த பருந்து, நரி பொம்மைகள். பக்கத்து வீட்டு அனார்வா சித்தி கதை சொன்னாள். பருந்தும் நரியும் சேர்ந்து விரதம் எடுத்தன. பருந்து முழுக்க இருந்தது, அதன் பிள்ளைகள் பிழைத்தன. நரிக்குப் பசி தாங்கவில்லை, ஒளிந்து தின்றது, அதன் பிள்ளைகள் ஒன்று விடாமல் செத்தன.

கதை முடிந்ததும் சித்தியின் கண் அண்ணியிடம் போனது. புருஷனுக்காக இருக்கும் தீஜ் விரதத்தை அண்ணி அந்த வருஷம் இருக்கவில்லை. ஊருக்கே தெரியும்.

"நரியை எங்க தேடறது, சிலபேர் வீட்டுக்குள்ளயே சோறு போட்டு வளக்குறாங்க" என்றாள் சித்தி.

சிரிப்பு எழுந்தது. அண்ணி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நான் நரிதான் சித்தி. ஆனா அந்த நரிக்குப் பசிச்சுது. அதை யாரும் கேக்கலையே."

அம்மா அண்ணியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை விரதம் முடிக்கும் பாரணை. பூஜித்த கயிற்றை முதலில் பிள்ளையின் கழுத்தில் போட்டு எடுத்து, பிறகுதான் தாய் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் போட்டு எடுத்தாள். பிறகு வழக்கம்போல ஜோகியின் சட்டையைக் கேட்டாள். அண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் கயிற்றை அந்தச் சட்டையின் காலரில் வைத்து எடுப்பாள். இந்த முறை வைக்கவில்லை. மீந்த தர்ப்பையை மடியில் இழுத்துப் போட்டு, கையும் காலும் தலையுமாகக் கட்டினாள். அதற்குச் சட்டையை மாட்டிவிட்டாள். பெரிதாக இருந்தது. கைகளை மடித்துவிட்டாள்.

சித்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதறினாள். விரதத்தை முடித்துவிட்டு வேறொரு நாளில் செய்யக் கூடாதா, நல்ல நாளில் யாராவது பிணம் எரிப்பார்களா என்றாள்.

"அவன் பேரச் சொல்லித் தின்னுட்டு அப்புறம் எரிக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா. குரல் தேய்ந்து போயிருந்தது. பிறகு என்னிடம் திரும்பினாள். "தூக்கிட்டுப் போ. கொள்ளி வை."

தூக்கினேன். எடையே இல்லை. ஆற்றங்கரையில் ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. சட்டை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது. அண்ணன் போய்விட்டான் என்று எனக்கு என்றைக்கோ தெரியும். அப்படியும் காலர் கருகும்வரை அங்கேயே நின்றேன்.

முழுகிவிட்டுத் திரும்பியபோது அண்ணி நெற்றியின் குங்குமத்தை அழித்திருந்தாள். கேட்டது கிடைத்தவளின் முகமாக அது இல்லை. ஒரு கிண்ணத்தில் பாலும் ஊறவைத்த பட்டாணியும் எடுத்து வந்து அம்மா முன் வைத்தாள். அந்தப் பட்டாணியை மெல்லக் கூடாது. பல் பட்டால் பிள்ளையின் உயிரில் படும். முழுசாக விழுங்க வேண்டும்.

அம்மா கயிற்றின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து ஜோகியின் மணியை உருவினாள். எடுத்து வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பட்டாணியோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு பாலைக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"அத்தை" என்றாள் அண்ணி.

"அப்பாவுக்குச் சொல்லி அனுப்பு. வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா. ஒற்றை மணிக் கயிற்றைத் திரும்ப முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்த பாலை என் பக்கம் தள்ளினாள்.