ஏழாம் பாட்டனுக்கு இடமில்லை

தாலான்ட்டின் ஐந்தாம் பாட்டன் இடுப்புவரைதான் வந்து சேர்ந்தார். மீதிப் பாதிக்குக் கணினியில் நினைவகம் போதவில்லை. வந்தவரை லாபம் என்று, விரிப்பின் ஓரத்தில் தலையணை முட்டுக்கொடுத்து அவரை நிமிர்த்தி வைத்து, மற்ற நான்கு பாட்டன்களுக்கும் ஊற்றியதுபோல அவருக்கும் தேநீர் ஊற்றினார்கள். குடித்ததெல்லாம் நேராகக் கம்பளத்தில் இறங்கியதைத் தவிர வேறு குறை ஒன்றுமில்லை.

நாரின் நகரத்தில் ஏழு தலைமுறைக்குள் இரு வீட்டுக்கும் ஒரே பாட்டன் இருந்தால் கல்யாணம் கிடையாது. ஒரு காலத்தில் மூக்கு ஒழுகும் பிள்ளைகூட ஏழு பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். இப்போது அப்பா பெயரைச் சொல்லிவிட்டுத் தாத்தா பெயருக்குக் கைப்பேசியைத் தடவுகிறார்கள். ஆகவே குலப் பெரியவர்கள் கூடி, சன்ஜிரா என்ற பேசும் மென்பொருளைத் தருவித்து வீட்டுக்கு வீடு போட்டுக்கொடுத்தார்கள். ஊரின் பழங்கதை, ஒப்பாரி, குதிரைத் திருட்டு வழக்கு அத்தனையையும் தின்று வளர்ந்த செயற்கை மூளை அது. தெரிந்த பெயரைத் தட்டினால் தெரியாத பாட்டன்களைச் சொல்லும் என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். பாட்டன்கள் நேரில் வந்து உட்காருவார்கள் என்று சொல்லவில்லை. முதல் வாரம் ஊர் கேட்ட ஒரே கேள்வி, இத்தனை பேருக்கு ஆட்டிறைச்சிக்கு எங்கே போவது என்பதுதான்.

கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் பெகிமாய்க்குத்தான் தாலான்ட்டைக் கட்டிக்கொள்ள ஆசை. நல்ல விசைப்பலகைகளில் வேண்டுமென்றே தேநீர் கொட்டி எடுத்து வந்து அவளோடு பழகியவன் அவன். அவன் அம்மா சைராகான் பெண்ணின் காதில் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. தோடும் தயாராக இருந்தது, அவள் மடியில், முடிச்சுக்குள்.

"எங்க வீட்டு ஆளையே பாதியா வெட்டி நிறுத்திட்டியேடி!" என்றாள் சைராகான்.

"நான் எங்க வெட்டினேன், அத்தை? நாலு பேர் தாங்கற அளவுக்குத்தான் இதுல நினைவகத்தை ஒதுக்கி அனுப்பியிருக்காங்க."

"அப்போ கூட்டு. ஏழு பேரும் காலோட வரணும். அப்புறம்தான் தோடு."

பெகிமாய் கூட்டினாள். சைராகான் வீட்டில் இருந்தது விண்டோஸ் கணினி. அளவை மாற்றினால் மென்பொருளை அடியோடு மூடித் திறக்க வேண்டும். மேலுக்கு மூடினால் அது திரை மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பதுங்கிக்கொண்டு பழைய அளவிலேயே ஓடும். மூடும்போதெல்லாம் பாட்டன்கள் எழுந்து வெளியே போனார்கள். திறக்கும்போதெல்லாம் திரும்ப வந்தார்கள். வந்தவர்களை ஒவ்வொருவராக வணங்கி, ஆடு நலமா, குதிரை நலமா, மேய்ச்சல் எப்படி என்று விசாரித்து ரொட்டி பிட்டுக் கொடுக்காமல் முடியுமா? ஒரு எண்ணை மாற்றப் பொழுது சாய்ந்தது. ஆறு பேருக்கு மேல் அந்தப் பெட்டியும் தாங்கவில்லை.

அடுத்து, பல் வைத்தியம் பார்க்கும் தாலான்ட்டின் தாய்மாமன் வீட்டு மேக் கணினி. அதில் திரைக்கும் மூளைக்கும் பொது நினைவகம். ஐந்தாமவர் உட்கார்ந்ததும் திரைச்சீலையின் நிறம் போயிற்று. ஆறாமவர் வந்ததும் கம்பளத்தின் சிவப்பு வெளுத்து, மாமனின் தங்கப்பல் ஈயமானது. "ஏழாவது ஆள் எனக்கு வேண்டாம்மா, தூக்கிட்டுப் போ!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு அலறினார்.

கடைசியில் தன் கடையின் லினக்ஸ் பெட்டியில், கைக்குக் கிடைத்த நினைவகச் சில்லுகளையெல்லாம் செருகினாள். அங்கே சன்ஜிரா பின்னணியில் வேறொரு பயனர் பெயரில் ஓடியது. இவள் பெயரில் எழுதிய அமைப்பை அது சட்டைசெய்யவில்லை. பாட்டன்களும் இவள் கடைக்கு வராமல் பக்கத்து முடிதிருத்தகத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அந்தச் சேவைக்கென்று இருந்த கோப்பிலேயே அளவை எழுதி மறுபடி தொடக்கியதும் வரிசையாக வந்தார்கள், எல்லோருக்கும் தாடி ஒதுக்கியிருந்தது.

இரண்டு குடும்பமும் கூடியது. தாலான்ட் பக்கம் ஆறு பேர், பெகிமாய் பக்கம் ஆறு பேர், அத்தனை பேருக்கும் கால் இருந்தது. ஏழாமவர்களுக்காக எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒரே ஒருவர்தான் வந்தார். பொரோன்சு என்று பெயர் சொல்லி, இரு வரிசைக்கும் நடுவில் சப்பணமிட்டு, இரண்டு பக்கத் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றார்.

பெகிமாயின் முகம் செத்துப்போயிற்று. சைராகான் தோட்டு முடிச்சை இறுக்கினாள். எழுந்து போயிருக்கலாம்; வாய் விடவில்லை.

"குலம் சுத்தமா இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கறியா? என் பிறந்த வீட்டுப் பக்கத்தைத் தட்டுடி."

"எதுக்கு இப்போ அதெல்லாம்?" என்றார் அவள் புருஷன் காதிர்பெக்.

"நீங்க சும்மா இருங்க."

தட்டினாள். சைராகானின் ஐந்து பாட்டன்களும் கம்பீரமாக வந்து அமர்ந்தார்கள். ஆறாமவர் வர வேண்டிய நேரத்தில் பொரோன்சு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தட்டையும் தூக்கிக்கொண்டு சைராகான் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

காதிர்பெக் விரல்விட்டு எண்ணினார். "அப்போ இத்தனை வருஷமா நாம ரெண்டு பேரும்..."

"வாயை மூடுங்க!"

மறுவாரம் குலப் பெரியவர்கள் அவசரமாகக் கூடினார்கள். இடைப்பட்ட நாட்களில் அவரவர் மனைவியின் குலத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் எல்லோரும்; ஆகவே விவாதம் நீளவில்லை. நினைவகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் இயந்திரம் சூடாகும், மின்சாரம் வீண், நாலு பாட்டன் போதும், நாலுதான் ஆதிகால வழக்கமும்கூட என்று முடிவாயிற்று. எந்தக் கணினியில் எப்படி நாலில் நிறுத்துவது என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கப் பெகிமாயை அமர்த்தினார்கள். அன்று சாயங்காலமே சைராகான் பெகிமாயின் கடைக்கு வந்து, அவள் காதை இழுத்துத் தோட்டை மாட்டிவிட்டுப் போனாள்.

ஜூனில் கல்யாணம். பக்கத்துக்கு நாலு பாட்டன்கள் மேல்வரிசையில் அமர்ந்து ஆட்டிறைச்சி பெஷ்பர்மக் தின்றார்கள். உள்ளே இடமில்லாத மற்றப் பாட்டன்கள் வாசலில் நின்றார்கள். கார் வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களுக்குத் தனியாகத் தட்டு அனுப்புவது இப்போது நாரினில் வழக்கமாகிவிட்டது. முதல் தட்டை எடுத்துப்போனது பெகிமாய்தான்.

"யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார் பொரோன்சு.

"உங்க பேத்திக்கும் பேரனுக்கும், தாத்தா. பேத்தி நான்தான்."

அவர் ஒரு துண்டை மென்று பார்த்தார். "நல்லா இருங்க. உப்பு பத்தல."

பெகிமாய் உப்பெடுக்க உள்ளே போனாள்.