நாலடிக் களிமண்

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இலுப்பூர்ப் பக்கத்து ஆவரங்குடியில் விடிந்ததும் ஆண்கள் வேப்பங்குச்சியோடு கண்மாய்க் கரைக்கு வருவது வழக்கம். பல் துலக்குவது ஒரு சாக்கு. மடைக்கல்லில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால்தான் அவர்களுக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்கும். அன்று கரையில் நின்ற ஏழெட்டுப் பேரும் வாயில் குச்சியை வைத்துக்கொண்டு மடைக்கல்லையே பார்த்தார்கள். ஐப்பசி மழையில் கரை தொட்டு நின்ற கண்மாய், மடையைத் திறப்பதற்கு முன்பே பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

பாசன சங்கத் தலைவர் வெற்றிசெல்வன் மடையில்தான் ஓட்டை என்று முடிவு கட்டினார். சாக்கில் மண் அடைத்து மடை வாயில் போடச் சொன்னார். கடைமடையில் அரை ஏக்கர் நெல் நட்டிருந்த காத்தாயி, அதற்குள் கரையின் மறுபக்கம் இறங்கி வாய்க்காலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் காலில் சேறு ஒட்டவில்லை.

"மடையில ஒழுகுனா வாய்க்கால்ல ஈரம் இருக்கணும்ல தலைவரே. தண்ணி வெளிய போகல, கீழ போகுது" என்றாள்.

காத்தாயிக்கு ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து வருஷம் கிணறு வெட்டுகிறவர்களோடு போய் மண் சுமந்தவள். தலையில் ஏறும் கூடையின் கனத்தை வைத்தே எந்த ஆழத்து மண் என்று சொல்லிவிடுவாள். ஆனால் கூலிக்கு மண் சுமந்தவள் சொல்வதை யார் கேட்பார்கள்? சாக்குகளைப் போட்டார்கள். தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆனி மாதத்தில் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். வறண்டு கிடந்த கண்மாயில் மூன்றடி வண்டல் அள்ள அனுமதி வாங்கிக்கொண்டு கண்ணன் என்ற கான்ட்ராக்டர் வந்தார். உண்மையில் வண்டல் அவருக்கு வேண்டாம். வண்டலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் கிடக்கிற சிவப்புக் கிராவல்தான் வேண்டும். ரோடு போட அதற்குத்தான் கிராக்கி. ஆழமாகத் தோண்டினால் ஊர் சண்டைக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும், ஊர் வாயை அடைக்கும் வழியும் தெரியும். ஐயனார் கோயில் திருப்பணி மூன்று வருஷமாகப் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துத் தருவதாகச் சொன்னார். மேலே அள்ளுகிற வண்டலிலும் களியிலும் ஒரு பங்கைப் பள்ளமாகக் கிடந்த கோயில் திடலில் கொட்டி மேடாக்கித் தருவதாகவும் சொன்னார். பதிலுக்கு அவர் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. கண்மாயை ஆழப்படுத்துவதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதம்.

வெற்றிசெல்வன் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கண்ணனிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை, அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படவும் செய்வார். கோயில் வாசல் கல்லில் திருப்பணிக் குழுத் தலைவர் என்று தன் பெயரை வெட்டியபோது மட்டும் நின்று இரண்டு தடவை படித்தார்.

தோண்டத் தொடங்கிய ஐந்தாம் நாளே காத்தாயி வந்து நிறுத்தச் சொன்னாள். களி முடிந்து செம்மண் கிளம்பிவிட்டது, இதற்கு மேல் தோண்டினால் கண்மாய் கண்மாயாக இருக்காது என்றாள். ஆழம் கூடினால் தண்ணீரும் கூடத்தானே நிற்கும் என்று வெற்றிசெல்வன் அவளுக்கு விளக்கினார். பானை பெரிதாக இருந்தால் போதாது, அதற்கு அடியும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். நின்றவர்கள் சிரித்தார்கள். கண்மாயின் நடுவில் கால்பங்கு இடம் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போயிற்று. ஊரே பார்த்துப் பூரித்தது. ஆழம் என்றால் தண்ணீர் என்றுதான் எங்கள் ஜில்லாவில் பாதிப்பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கார்த்திகை பாதியில் கண்மாய் ஒட்ட வற்றியது. கடைமடை வயல்கள் வெடிக்கத் தொடங்கின. வெற்றிசெல்வனின் வயல் மட்டும் பச்சையாக நின்றது. கண்மாயை ஒட்டி அவருக்கு ஒரு ஆழ்துளைப் போர் இருந்தது. கோடையில் விட்டு விட்டு ஊற்றிய மோட்டார் இப்போது குழாய் நிறைய ஊற்றியது. தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி சத்யா, ஊருக்கெல்லாம் வற்றுகிற வருஷத்தில் நமக்கு மட்டும் எப்படி இப்படி ஊறுகிறது என்று சும்மாதான் கேட்டாள். முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்தாயி வீட்டுக்குப் போனார்.

அவள் ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரைக் கண்மாய்க்குள் அழைத்துப் போனாள். பொக்லைன் வெட்டிய பள்ளத்தின் ஓரம் செங்குத்துச் சுவராக நின்றது. அதில் மேலே முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு வண்டல். அதன் கீழே நாலடிக்குச் சாம்பல் நிறக் களி, விரல் நுழைய இடமில்லாமல். அதற்கும் கீழே கல்லும் சந்துமாகச் சிவப்புக் கிராவல். பள்ளத்தின் அடியில் உளுத்துப்போன சுக்காம்பாறை தலைகாட்டியது. நாற்பது வருஷமாக அந்தக் கண்மாயில் குளித்தவர், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தார்.

சுவரில் படிபோல் நீட்டிக்கொண்டிருந்த களியில் காத்தாயி கையால் ஒரு குழி பறித்தாள். கீழே இறங்கிக் கிராவலில் ஒரு குழி பறித்தாள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றினாள். கிராவலில் ஊற்றியது அவள் குடத்தை நிமிர்த்துவதற்குள் காணாமல் போனது. களியில் ஊற்றியது அப்படியே நின்றது.

"இந்தக் களிய யாரும் கொண்டாந்து கொட்டல தலைவரே. ஒவ்வொரு மழைக்கும் மேட்டுல இருந்து கரைஞ்சு வந்து, காயிதக் கனத்துக்குப் படிஞ்சு படிஞ்சு இம்புட்டு ஆயிருக்கு. எத்தன நூறு வருசமோ. நீங்க அஞ்சு நாள்ல வழிச்சிட்டீங்க."

"நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா போட்டேன்."

"இருக்கட்டும். கண்மாயில நின்னா அது ஊருத் தண்ணி. பூமிக்குள்ள போயிட்டா போரு வச்சிருக்கவங்க தண்ணி. எங்கிட்டப் போரு இல்ல."

அதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் குனிந்து கிராவலைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணன் வந்தார். பள்ளத்தைப் பார்த்த விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. கையில் தட்டச்சு செய்த ஒரு காகிதம் இருந்தது. இந்த ஆண்டு போதிய மழை இல்லாததால் கண்மாய் வற்றியது என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் கடைமடைக்காரர்களுக்கு வறட்சி நிவாரணம் வாங்கித் தருவதாகவும், கோபுரத்துக்கு வர்ணம் அடித்துத் தையிலேயே கும்பாபிஷேகம் நடத்திவிடலாம் என்றும் சொன்னார். போகும்போது, "நீங்க ஒரு பைசா வாங்காத ஆளு, ஊருக்கே தெரியும். ஒங்கள யாருங்க கேக்கப் போறா?" என்றார்.

அதுவரை வெற்றிசெல்வன் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. அதே வார்த்தையை அந்த ஆள் வாயில் கேட்டதும் அவருக்குக் கூசியது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் திடலில் ஊரைக் கூட்டினார். கண்ணன் கொடுத்த காகிதத்தை எழுத்து விடாமல் வாசித்தார். கூட்டத்தில் பலர் போட்டுவிடச் சொன்னார்கள். நிவாரணமும் வரும், கும்பாபிஷேகமும் நடக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்றார்கள். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மழை குறையல. நெறைஞ்சு நின்னத நீங்க எல்லாரும் பாத்தீங்க. கண்மாய் மழையில்லாம வத்தல, என் கையெழுத்துல வத்துச்சு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கிற கூட்டத்துல மனு குடுக்கப் போறேன். தப்பு செஞ்சவங்க வரிசையில மொதப் பேரு என் பேருதான். இந்தக் காயிதத்தையும் சேத்துக் குடுக்கப் போறேன்."

அறுவடை வரைக்கும் தன் மோட்டார்த் தண்ணீர் முதலில் கடைமடைக்குப் போகும், மிஞ்சினால்தான் தன் வயலுக்கு என்றார். அடுத்து, இந்தத் திடலில் கொட்டிய களியைத் திரும்ப வெட்டி எடுத்துக் கண்மாயில் போட வேண்டும் என்றதும் சலசலப்பு எழுந்தது. சாமி இடத்தில் மண்வெட்டி வைப்பதா என்று நாலு திசையிலிருந்தும் கேட்டார்கள். திருப்பணிக் கணக்கைப் பார்த்துவந்த அய்யப்பன் எழுந்தார்.

"நம்மள்ல யாரும் காசு வாங்கலயேப்பா. சாமிக்குத்தான அவரு செஞ்சாரு. அதப் போயி லஞ்சம்ங்கிற மாதிரி பேசுறியே?"

"என் கைக்கு வந்திருந்தா என்னய நடு ஊர்ல நிப்பாட்டிக் கேட்டிருப்பீங்க. கோயிலுக்கு வந்ததால யாரும் கேக்கல. நானே என்னயக் கேட்டுக்கல. அது தெரிஞ்சுதான் அந்தாளு கோயிலுக்குக் குடுத்தான். வாய அடைக்கக் குடுக்கிறது எந்த உண்டியல்ல விழுந்தாலும் லஞ்சந்தான்ணே."

அய்யப்பன் உட்கார்ந்தார். யாரும் சம்மதம் என்று சொல்லவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. அவர்களுக்காகக் காத்திருக்காமல் வெற்றிசெல்வன் திடலின் ஓரத்தில் மண்வெட்டியைப் போட்டார். இரண்டாவது ஆளாகக் காத்தாயி கூடையோடு வந்தாள். மூன்றாவது ஆள் வர வெகுநேரம் ஆனது. வந்தவர் அய்யப்பன்.

மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். திருப்பணி மறுபடி நின்றது. கடைமடையில் அந்த வருஷம் பாதி விளைச்சல்தான் தேறியது, முழுசாகத் தேறியது என்று சொன்னால் பொய். பங்குனியிலும் சித்திரையிலும் டிராக்டர் வைத்திருந்தவர்கள் திடல் களியை டிராக்டரில் ஏற்றினார்கள், இல்லாதவர்கள் தலையில் சுமந்தார்கள். கண்மாய்ப் பள்ளத்தில் களியைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, மாடுகளை விட்டு மிதிக்க வைத்தார்கள். கோயில் திடல் பழையபடி பள்ளமானது. கண்மாய்ப் பள்ளத்தில் ஒன்றேகால் அடிக்குக் களி சேர்ந்தது, அதற்கு மேல் இல்லை.

கடைசி நாள் வேலையில், மீதி எப்போது சேரும் என்று யாரோ கேட்டார்கள். இடுப்பில் கை வைத்து நின்ற காத்தாயி சொன்னாள்:

"அத மழைதான் போடணும். ஒங்க பேரன் பேத்தி காலத்துக்குள்ள ஆகாது. பூமி ஒரு அடி களி கட்டுறதுக்கு எத்தனயோ தலமொற ஆகுது, அத அழிக்க ஒரு கையெழுத்துப் போதும். அதனால இனிமே ஊருக்கு நல்லதுன்னு எவன் காயிதம் நீட்டுனாலும், கேக்காமப் போடாதீங்க. மண்ணத் தெரிஞ்சவங்களக் கேட்டுட்டுப் போடுங்க."

சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குக் குனிந்தாள். வெற்றிசெல்வன் அதைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டார்.