டை-பிரேக் கிடையாது

ஹோல்கர் அப்பாவின் இடது காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தான். அதற்குள் வலது கால் மறுபக்கம் இறங்கிவிட்டது. காலையிலிருந்து இதே வேலையாக இருந்தது. எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத மனிதர் எங்கோ புறப்படுவதிலேயே குறியாக இருந்தார். போர்வையை உதைத்தார், சட்டைப் பொத்தான்களைத் திருகினார், கார் சாவியைக் கேட்டார். சாவியைக் கையில் கொடுத்தால் தலையணைக்கடியில் போட்டுவிட்டு மறுபடியும் சாவி கேட்டார்.

வரவேற்பறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாடகைக்கு எடுத்த மருத்துவக் கட்டிலைத் தோட்டத்து ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தான். காலையில் வந்த நர்ஸ் நெர்மின், நாக்குக்கடியில் மருந்துத் துளிகளை விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் பலரும் இப்படித்தான் நிலைகொள்ளாமல் தவிப்பார்கள் என்றாள். சிலர் யாராவது வரும்வரை காத்திருப்பார்கள் என்றும் சொன்னாள். யாரை என்று கேட்கவில்லை. அந்தச் சிறிய ஜெர்மானிய ஊரில் அதை யாரும் கேட்கவேண்டியதில்லை.

எவால்ட் டெர்ஹோர்ஸ்ட்டை ஊரில் 'வீப்கேயின் அப்பா' என்றுதான் சொல்வார்கள். வீடுகளுக்கு வெப்பக் குழாய் பொருத்தும் வேலை அவருக்கு. ஹோல்கரின் அக்கா வீப்கே ஆறு வயதில் கராஜ் கதவில் டென்னிஸ் பந்தடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாய்களை இறக்கிவிட்டு அதே வேனில் மெத்தையைப் போட்டு மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். லின்ஸ், பிராட்டிஸ்லாவா, பலெர்மோ என்று ஊர் ஊராகப் போட்டிகள். அவள் இருபத்திரண்டு வயதில் உலகத் தரவரிசையில் அறுபத்துநான்காம் இடத்துக்கு வந்தாள். பேக்கரியில் அவள் படத்தை மாட்டினார்கள். பிறகு மணிக்கட்டில் இரண்டு அறுவை சிகிச்சைகள். இருபத்தேழு வயதில் ஒருநாள், சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, இனி ஆடப்போவதில்லை என்று சொன்னாள். அப்பா வெளியே போய் வேனைக் கழுவினார்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் சாலை நெரிசலைப் பற்றித்தான். கிறிஸ்துமஸுக்கு அவள் தெற்கே ஃப்ரைபுர்கிலிருந்து வருவாள். எந்த நெடுஞ்சாலையில் வந்தாய், எங்கே வேலை நடக்கிறது என்று அவர் கேட்பார். அவளும் சொல்வாள். காபி முடிந்ததும் கிளம்பிவிடுவாள். இப்படியே இருபது வருடத்துக்கும் மேல்.

இன்று அவள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். புயலில் தண்டவாளத்தின் மேல் மரம் விழுந்து, மான்ஹைமைத் தாண்டி ஏதோ வயல்வெளியில் ரயில் நின்றுவிட்டது. காலையில் போனில் பேசும்போது அவள் குரல் ஹோல்கருக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் அவரை விட்றாதடா. ஏதாவது பண்ணு."

"விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். எப்படி என்று தெரியாமலே.

ஞாயிற்றுக்கிழமை. புல்வெட்டும் சத்தம்கூட இல்லாத நாள். பின்வரிசைக் கராஜ்களுக்கு அப்பால் இருந்த கிளப்பில் மட்டும் லீக் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. பந்து மட்டையில் படும் சத்தம், கொஞ்ச நேரம் எதுவும் இல்லை, மறுபடியும் சத்தம். அப்பா தலையைத் திருப்பினார்.

"எவ்வளவு?"

மணி இரண்டாகப்போகிறது என்றான் ஹோல்கர்.

"ஸ்கோர்டா. அந்த ஸ்லோவாக்காரி என்ன பண்றா?"

ஹோல்கருக்குக் கை அப்படியே நின்றது. அந்த ஸ்லோவாக்கிய ஆட்டக்காரியின் பேச்சையே அந்த வீட்டில் எடுக்கமாட்டார்கள். பாரிஸில் நடக்கும் பெரிய போட்டியில், மூன்றாவது சுற்றில், கடைசி செட்டில் ஐந்துக்கு மூன்று என்று முன்னால் இருந்து வீப்கே தோற்ற ஆட்டம் அது. அவ்வளவு உயரத்துக்கு அவள் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போகவில்லை. அப்பா அங்கிருந்து இரவெல்லாம் வேன் ஓட்டி வந்ததும், வழியில் ஒரு வார்த்தை பேசாததும் ஹோல்கருக்குக் காதுவழிச் செய்திதான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. யாரும் அவனைக் கூட்டிப்போனதில்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டும். "மூணாவது செட்பா. மூணு-மூணு" என்றான்.

கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கால் அசைவதை நிறுத்தியது. அப்பா தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொண்டார். போர்வையை மார்புவரை ஏற்றிக்கொண்டு, பார்வையாளர் மேடையில் இடம் பிடித்து உட்கார்ந்தவரைப்போலக் கண்களை மூடிக்கொண்டார்.

ஹோல்கர் டைல்ஸ் கடையில் வேலை பார்த்தான். டென்னிஸை வாழ்நாள் முழுக்க வெறுத்தவன். ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா. நாற்காலியை இழுத்துப்போட்டு, பந்து பந்தாகச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தடுமாறினான். வீப்கே வலைக்கு ஓடிவந்து அடித்தாள் என்றதும் அப்பா முகத்தைச் சுளித்தார். அவள் வலைக்குப் போகமாட்டாள், பின்கோட்டிலேயே நிற்பாள். இரண்டாவது சர்வீஸை எதிராளி தொடமுடியாமல் அடித்தாள் என்றதும், ஈர மண்ணில் எந்தப் பந்து அப்படிப் போகும் என்று முனகினார். ஹோல்கர் உடனே நடுவர் மாற்றிச் சொல்லிவிட்டதாகச் சமாளித்தான். நாலு-நாலு. அஞ்சு-அஞ்சு. பேச்சு நின்றால் கால் இறங்கியது. பேசினால் படுத்துக்கொண்டது.

வீப்கேயிடமிருந்து செய்தி வந்தது. ரயில் இன்னும் நகரவில்லை.

ஆறு-ஆறு ஆகிவிட்டது. ஆறுக்கு ஆறு என்றால் டை-பிரேக். ஒரே ஒரு குட்டி ஆட்டம், பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வேறு வழி தெரியவில்லை.

"டை-பிரேக் ஆரம்பிக்கப்போறாங்கப்பா."

அப்பா அன்று முதல்முறையாகக் கண்ணை முழுதாகத் திறந்து அவனைப் பார்த்தார். ஹோல்கருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது.

"பாரிஸ்ல கடைசி செட்டுக்கு ஏதுடா டை-பிரேக்? ரெண்டு கேம் முன்னால போற வரைக்கும் ஆடிக்கிட்டேதான் இருக்கணும். இத்தனை வருஷம் இந்த வீட்ல என்னத்த சாப்பிட்ட?"

அந்தக் காலத்து விதி. ஹோல்கர் மறந்தே போயிருந்தான். ஏழு-ஏழு, எட்டு-எட்டு, ஒன்பது-ஒன்பது. முடிவே இல்லாமல் போகலாம். ரயில் வரும்வரைக்கும் போகலாம். அப்பாவே கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. டை-பிரேக் இல்லாத ஊரில் யாரும் சாகமுடியாது என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு எண்ணம் ஓடியது.

அதற்குப் பிறகு சொல்வது சுலபமாகிவிட்டது. போகப்போக அவனே பார்க்க ஆரம்பித்தான். செங்கல் நிற மண், மேடையின் நிழல் மெல்ல ஏறிவரும் பாதி மைதானம், முடியைப் பின்னிக்கட்டிய இருபத்திரண்டு வயது அக்கா. முட்டிவரை மண் ஒட்டிய அவள் வெள்ளைக் காலுறைகள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அவளை ஓடவிட்டான். அவள் ஓடினாள். எட்டாத பந்தையும் எடுத்தாள். இவ்வளவு அழகாக ஆடுவாளா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருமுறைகூட நேரில் போய் நின்று பார்த்ததில்லையே என்றும் தோன்றியது. அவள் ஒரு கேம் முன்னால் போனால் அடுத்ததை ஸ்லோவாக்காரிக்குக் கொடுத்தான். அவளும் பாவம், நன்றாகத்தான் ஆடினாள்.

பத்து-பத்தில் நெர்மின் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஹோல்கர் நிறுத்தவில்லை. அவள் பையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு அப்பாவின் நாடியைப் பார்த்தாள், உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தாள், துளிகளை விட்டாள். சமையலறைக்கு வரச்சொல்லிச் சாடை காட்டினாள்.

"எவ்வளவு நேரமா ஆடறாங்க?"

மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றான். அக்கா வந்துகொண்டிருக்கிறாள், அதுவரைக்கும் எப்படியாவது இழுக்கவேண்டும் என்றான்.

நெர்மின் கையைக் கழுவித் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பாவம்" என்றாள். "ஆடறவங்க கால் என்னத்துக்கு ஆகும்."

அவள் போன பிறகு ஹோல்கர் அப்பாவைச் சரியாகப் பார்த்தான். கால்கள் அடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நெற்றியும் மேலுதடும் வியர்த்திருந்தன. ஒவ்வொரு பந்துக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், பந்து விழுந்ததும் விட்டார். கைகள் போர்வைக்கடியில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. பிடியை விலக்கிப் பார்த்தான். எதுவும் இல்லை. உள்ளங்கையில் நகம் பதிந்திருந்தது.

பதினொன்று-பதினொன்று. குரல் கம்மியது. தண்ணீர் குடித்தான். அந்த இடைவெளியில் அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டார். குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

பன்னிரண்டு-பன்னிரண்டு. ஜன்னல் விளிம்பில் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் வீப்கேயின் பெயர். ஒருவேளை ரயில் பக்கத்தில் வந்திருக்கும். ஒருவேளை இன்னும் எங்கோ நின்றிருக்கும். எடுத்தால் அவள் இன்னும் கொஞ்சம் பொறு என்பாள், இவனும் சரி என்பான். போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து, நின்றது. அவன் எடுக்கவில்லை.

நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாகப் போட்டுக்கொண்டான்.

"பிரேக்பா. அவ சர்வீஸை வீப்கே உடைச்சிட்டா. பதிமூணு-பன்னெண்டு. இப்ப வீப்கே சர்வ்."

அப்பாவின் புருவம் ஏறியது. ஹோல்கர் அவசரப்படவில்லை. பதினைந்து, முப்பது, முப்பதுக்கு முப்பது. நாற்பதுக்கு முப்பது. அவள் பந்தை மூன்றுமுறை தட்டுகிறாள். சர்வ் போகிறது, திரும்பி வருகிறது. குறுக்கே, மறுபடியும் குறுக்கே. ஸ்லோவாக்காரி நடுவுக்கு வந்துவிட்டாள். வீப்கே பேக்ஹேண்டை நேராக, கோட்டோரமாக அடிக்கிறாள்.

"உள்ள. முடிஞ்சுதுப்பா. ஜெயிச்சிட்டா."

வெளியே ஒரு பந்துச் சத்தம் கேட்டது.

"அவுட்" என்றார் அப்பா.

"இல்லப்பா, உள்ளதான்."

"அவுட்டு." காலை நீட்டினார். போர்வை நழுவியது. "இறங்கிப் பாக்கச் சொல்லு."

ஹோல்கர் அவர் காலைப் பிடித்து உள்ளே வைக்கப் பார்த்தான். இவ்வளவு நேரம் எங்கிருந்ததோ, அந்தக் காலில் பலம் வந்திருந்தது. மண் மைதானத்தில் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும். சந்தேகம் வந்தால் நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கிவந்து குனிந்து பார்ப்பார், விரலால் காட்டுவார். தோற்றவள் ஒத்துக்கொண்டால் தன் ஷூவால் அதைத் தேய்த்துவிடுவாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

ஹோல்கர் எழுந்தான். கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். அப்பா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முட்டிபோட்டுக் கம்பளத்தில் குனிந்தான். சாம்பல் நிறக் கம்பளம். கட்டில் சக்கரம் அழுத்திய பள்ளம் ஒன்று, ஒரு ரொட்டித் துணுக்கு. சும்மா பார்த்துவிட்டு எழுந்துவிட முடியவில்லை. உண்மையிலேயே பார்த்தான். முகம் கம்பளத்தில் படும் அளவுக்குக் குனிந்து, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான். பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தான்.

"கோட்டுல பட்டிருக்குப்பா. பாதிப் பந்து கோட்டுல."

அப்பா யோசித்தார். அவனை நம்பலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"சரி" என்றார் அப்பா. "நீ சொன்னா சரி."

கால் தளர்ந்தது. கைகள் விரிந்தன. ஒரு மூச்சு வந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று. ஹோல்கர் விரலை எடுக்காமல் முட்டிபோட்டபடியே அடுத்ததற்குக் காத்திருந்தான். கிளப்பில் யாரோ கைதட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். முட்டி வலித்தபோதுதான், எவ்வளவு நேரமாக அப்படியே இருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

ஊர் வழக்கப்படி ஜன்னலை அகலத் திறந்துவைத்தான். நெர்மினுக்குச் சொன்னான். டாக்டர் வந்து இறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

வீப்கே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. முதுகுப்பையோடு வாசலில் நின்று, அவன் முகத்தைப் பார்த்ததும் ஏதோ கேட்க வந்ததை விட்டுவிட்டாள். அவன் வழிவிட்டான். அவள் நடைவழியில் ஷூவைக் கழற்றினாள். ஒரு முடிச்சு அவிழாமல் வெகுநேரம் அதனோடு மல்லுக்கட்டினாள்.

"போனை எடுக்கல நீ."

"எடுக்கல."

"அப்ப உயிரோட இருந்தாரா?"

"இருந்தார்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஹோல்கர் சொன்னான். பந்துச் சத்தம் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எந்த ஆட்டம் என்று சொன்ன இடத்தில் அவள் தலையைத் தூக்கினாள். நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தான். சொல்லவில்லை.

"எவ்வளவுல முடிஞ்சுது?"

"பதினாலு-பன்னெண்டு. உனக்கு."

அவள் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி. "அஞ்சு-மூணுலயே எனக்குக் கால் நடுங்கிருச்சு" என்றாள். பிறகு, "ஒத்துக்கிட்டாரா?"

"அவுட்டுன்னார். இறங்கிப் பார்த்துச் சொன்னேன்."

அவள் பையை இறக்கிவைத்துவிட்டு அறைக்குள் வந்தாள். அப்பாவின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. "எங்க விழுந்துது?" என்றாள்.

ஹோல்கர் ஜன்னலுக்குக் கீழே காட்டினான். வீப்கே அங்கே போய் நின்றாள். கையை இடுப்பில் வைத்து, தலையைச் சாய்த்து, கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலுறைப் பாதத்தால் அந்த இடத்தை இரண்டுமுறை தேய்த்துவிட்டு, கட்டிலின் பக்கம் திரும்பினாள்.